பொத்தான் ஒன்று, மொழி மூன்று

பொத்தான் என்றவுடன் சட்டைப் பொத்தானை மட்டும் நினைத்த காலம் கடந்துவிட்டது. இன்று வங்கியில் பணம் அனுப்புவதாயினும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்ப்பதாயினும், கண்ணாடித் திரையில் வரையப்பட்ட ஒரு பொத்தானையே விரலால் தொடுகிறோம். தைக்க நூல் வேண்டாத பொத்தான் அது, தொட்டால் அமுங்குவதுமில்லை. அதைச் சூழ்ந்து பெயர் எழுதும் பெட்டி, தெரிவு செய்யும் பட்டியல், எண்கள் நிறைந்த அட்டவணை என்று வேறு பல உறுப்புகளும் உண்டு. மனிதருக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் இம்முகப்பை நம் நாட்டுப் பாடநூல்கள் ‘இடைமுகம்’ என்று வழங்குகின்றன. நல்ல சொல். ஆக்கியவர் யாரோ, வாழ்க.

இந்த உறுப்புகளை ஒரு முறை செய்து பல இடங்களில் பயன்படுத்துவது எப்படி? தொழில் புரிவோருக்கு மட்டுமே உரிய கேள்வி இது என்று வாசகர் நினைக்கலாம். கண்டி மாநகரில் கணினிப் பாடம் கற்பிக்கும் ஒருவன், சில மாதங்களாக மாலை வேளைகளில் ஐந்து மாணவருடன் இருந்து கண்டவற்றைச் சொன்னால், இல்லத்தில் இருப்போருக்கும் இதிலே பங்குண்டு என்பது விளங்கக்கூடும்.

உயர்தர வகுப்பு மாணவர் ஐவர், வகுப்பின் வரவு இடாப்பையும் தவணைப் புள்ளிகளையும் கைத்தொலைபேசியிலேயே பெற்றோர் பார்க்கும்படி ஒரு செயலி செய்ய விரும்பினர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளிலும் அது பேச வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. பாடத்திட்டத்தில் அவர்கள் கற்பது பைதன் என்னும் மொழி. நான் அவர்களுக்கு எடுத்துக் காட்டியது எல்ம் என்னும் வேறொரு மொழி. அமெரிக்காவில், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எவன் சாப்லிக்கி என்பவர், தம் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வாக 2012 இல் அதனைப் படைத்தார். எல்மில் எழுதியதை அதன் தொகுப்பான் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தர, உலாவி அதனை இயக்கும். ஜாவாஸ்கிரிப்டோ 1995 இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஆக்கிய மொழி. பத்து நாளில் கட்டிய வீட்டில் உலகம் முழுவதும் குடியிருந்தால் ஒழுக்கும் விரிசலும் இருக்கத்தானே செய்யும்?

எல்ம் ‘சார்புமுறை’ மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூலத்தைத் தேடிப் போனால், 1930களில் கணித அறிஞர் அலன்சோ சர்ச் வகுத்த சார்புக் கணிதத்துக்கும், 1958 இல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழிக்கும் போய்ச் சேருவோம். வரலாறு இவ்வளவு போதும். சார்பு என்றால் என்ன என்பதைச் சமையலறையிலேயே காட்டிவிடலாம்.

பிட்டுக்குழலை நினைத்துப் பாருங்கள். குழைத்த மாவும் தேங்காய்ப்பூவும் உள்ளே போகின்றன. பிட்டு வெளியே வருகிறது. அதே மாவை அதே அளவில் இட்டால் அதே பிட்டு. நேற்று யார் வீட்டில் அவித்தோம், எத்தனை பேர் உண்டார்கள் என்பதெல்லாம் குழலுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. நினைவு இல்லாமையே அதன் பெருமை. அக்காரணத்தாலேயே அயல்வீட்டாருக்கு அதனை அஞ்சாமல் இரவல் கொடுக்கலாம். சார்பும் அத்தகையதே. உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்றைத் தரும். அதே உள்ளீட்டுக்கு எப்பொழுதும் அதே வெளியீடு.

எல்மில் பொத்தான் என்பது இப்படி ஒரு சார்புதான். பொறிக்க வேண்டிய சொல், நிறம், தொட்டால் அனுப்ப வேண்டிய செய்தி ஆகியவற்றைக் கொடுத்தால் அது பொத்தானின் தோற்றத்தைத் தரும். ஒன்பது பக்கங்களில் இருபது பொத்தான்கள் வேண்டுமா? அதே சார்பை இருபது முறை அழைத்தால் முடிந்தது. பொத்தானின் மூலையை வளைக்க வேண்டுமென்று பிறகு தோன்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், இருபதும் வளைந்துவிடும்.

இவ்வளவும் எளிது. சிக்கல் தொடங்குவது, உறுப்புக்கு நினைவு வேண்டும் என்று தோன்றும்போதுதான். திறந்த பட்டியல் தான் திறந்திருப்பதை எங்கோ நினைவில் வைக்க வேண்டும். குறியிட்ட பெட்டியும் அப்படியே. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தனி வீடாகக் கட்டி, அதனதன் நினைவை அதனதன் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். எங்கள் ஐவரில் கெட்டிக்காரன் ஒருவன் அப்படியே செய்தான். ஒவ்வொரு மாணவனின் வரிசையும் ‘வந்தான், வரவில்லை’ என்பதைத் தானே நினைவில் வைத்திருந்தது. மேலே ‘இன்றைய வரவு’ என்று மொத்தத் தொகையைக் காட்டிய தலைப்பும் தனக்கென ஒரு நினைவு வைத்திருந்தது. இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மூன்றாம் நாள் தலைப்பு 38 என்றது. வரிசைகளை எண்ணினால் 37. பிந்தி வந்த ஒருவனைத் திருத்தியபோது செய்தி ஓரிடத்துக்குப் போய், மற்றோரிடத்துக்குப் போகவில்லை.

“எது சரி, சேர்?” என்று கேட்டான்.

“இரண்டும் தம்மளவில் சரி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கின்றன, தம்பி” என்றேன்.

எல்மின் அமைப்பு இந்தப் பிணக்கைத் தோன்றவிடாமற் செய்கிறது. செயலியின் நினைவு முழுவதும் ‘நிலை’ என்னும் ஒரே இடத்தில் இருக்கும். அந்நிலையைப் பார்த்துத் திரையை வரைவது ‘தோற்றம்’ என்னும் சார்பு. பயனர் எதையேனும் தொட்டால் ஒரு செய்தி பிறக்கும். பழைய நிலையையும் அச்செய்தியையும் வாங்கிப் புதிய நிலையைத் தருவது ‘மாற்றம்’ என்னும் இன்னொரு சார்பு. புதிய நிலை வந்ததும் தோற்றம் மீண்டும் வரையப்படும். நம் வரவு இடாப்பில் ‘37’ என்பதை யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. தேவைப்படும் ஒவ்வொரு முறையும் வரிசைகளை எண்ணியே அது பெறப்படுகிறது. எண்ணிச் சொல்வது பட்டியலோடு முரண்படுவது எங்ஙனம்?

அந்த வார இறுதியில் மாணவரை எம்பக்கே தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். பிலிமத்தலாவையிலிருந்து உட்பாதையில் சிறிது தூரம். கம்பளை அரசு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், சிங்களவர் கதிர்காமத் தெய்வமாகவும் நாம் முருகனாகவும் வழிபடும் பெருமானுக்கு எடுத்த கோயில் அது. எல்லாரும் தூண்களில் உள்ள மரச்சிற்பங்களைக் காணவே போவர். அன்னமும் யானையும் மல்லரும் காணக் காண அலுக்காதவை என்பது உண்மை. நான் மாணவருக்குக் காட்டியது மேலே இருப்பது. மண்டபக் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் சரிந்து வந்து ஒரே மர ஆணியில் கூடி நிற்கின்றன. எந்தக் கைமரமும் தனக்கெனத் தனி ஆணி கேட்கவில்லை. கெட்டிக்காரன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கழுத்து வலிக்கிறது என்றான்.

உவமையை மிகவும் நீட்டக் கூடாது; மரம் மரம்தான், செய்நிரல் செய்நிரல்தான். சொல்ல வந்தது இது: எல்ம் மொழியின் அதிகாரபூர்வ வழிகாட்டி நூலே, எல்லாவற்றையும் நினைவுள்ள தனி உறுப்புகளாகப் பிரிக்க முயல்வோரைத் தடுத்து, சார்புகளாக எழுதுங்கள் என்கிறது. மற்ற மொழிகளிலிருந்து வருவோருக்கு இது வியப்பாயிருக்கும். ‘மீண்டும் பயன்படும் உறுப்பு’ என்றால் எல்லாம் உள்ளடங்கிய பெட்டி என்றே அவர்கள் பழகியிருப்பர்.

அப்படியானால் உறுப்புக்கு நினைவே கூடாதா? சிறிது இருக்கலாம். எவ்வளவு என்பதற்குச் சாப்லிக்கி தாமே எழுதிய ஒரு வரிசைப்படுத்தும் அட்டவணை நல்ல சான்று. தலைப்பைத் தொட்டால் பெயர் வரிசையாகவோ புள்ளி வரிசையாகவோ அது தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். எந்த நிரலைக் கொண்டு வரிசைப்படுத்துவது, ஏறுமுகமா இறங்குமுகமா என்ற இரண்டு மட்டுமே அதற்குரிய நினைவு. அந்த நினைவையும் செயலியின் பொது நிலைதான் வைத்துக் காக்கும். பெயர்களும் புள்ளிகளும் அதற்குச் சொந்தமல்ல. ஒவ்வொரு முறையும் அவற்றை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். நம் மாணவர் இதே முறையைப் பின்பற்றித் தம் அட்டவணையை எழுதினர்.

எழுதி முடித்து, பெருமிதத்தோடு எங்கள் தமிழாசிரியையிடம் காட்டினர். அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “கனகாவுக்குப் பின்னால் கமலா எப்படி வந்தாள்? பதுமாவுக்குப் பிறகா பத்மா? இது எந்த ஊர் அகரவரிசை, சேர்?” என்று என்னைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் என்னும் உலக நியமத்தில் ஓர் எண் உண்டு. வேறு கட்டளை இல்லாதபோது கணினி அந்த எண்களின்படியே வரிசைப்படுத்தும். அந்த நியமத்தில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே அமர்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களுள் கடைசி. ஆகவேதான் கமலாவை முந்திக்கொண்டு கனகா வந்தாள். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளிக்கும் தனி எண் உண்டு. அது உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னே வைக்கப்பட்டிருப்பதால் பத்மா பின்தள்ளப்பட்டாள்.

சார்புமுறையின் மற்றொரு சிறப்பு இங்கே கைகொடுத்தது. எல்மில் எண்ணையும் சொல்லையும் கொடுப்பது போலவே ஒரு சார்பையும் மற்றொரு சார்பினிடம் கொடுக்கலாம். எப்படி ஒப்பிடுவது என்ற அறிவையே ஒரு பொருளாக்கிக் கையில் வைப்பது போன்றது அது. அட்டவணையில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பெயரை வாங்கி, அதன் எழுத்துகளுக்கு நெடுங்கணக்கில் உள்ள இடங்களை எண்வரிசையாகத் தரும் சிறு சார்பு ஒன்றை எழுதி, ‘பெயர் நிரலுக்கு இதைக் கொண்டு ஒப்பிடு’ என்று கொடுத்தனர். கமலா முன்னே வந்தாள். சிங்களப் பெயர்களுக்கு அம்மொழியின் வரிசையைத் தரும் சார்பைக் கொடுத்தால் அதே அட்டவணை அதற்கும் பணிசெய்யும். அட்டவணை எந்த மொழியையும் அறியாது. அறியாததனால் மூன்றுக்கும் பொதுவாயிற்று.

அகரவரிசை பிழைத்தால் தமிழாசிரியைக்குத்தான் மனவருத்தம். ஆனால் வேறொரு பிழை அதைவிட ஆழமாய்த் தைப்பது. தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தாய் ஒருத்தி கையில் ஒரு துண்டுச் சீட்டோடு கல்லூரிக்கு வந்திருந்தாள். ஏதோ ஒரு கந்தோரில் கணினி அச்சிட்டுக் கொடுத்த சீட்டு. மகனின் பெயர் சரிதானென்று கல்லூரி உறுதிப்படுத்த வேண்டுமாம். மகனின் பெயர் தமிழ்ச்செல்வன். சீட்டில் இருந்ததோ ‘தமிழ்ச்செல’.

“எனக்குத் தமிழ் மட்டுந்தாங்க வாசிக்கத் தெரியும், ஐயா. அதுலயும் இப்படிப் போட்டிருக்காங்க. இது என் புள்ள பேரு இல்லீங்களே” என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. தன்னிடம்தான் ஏதோ தவறு இருக்கிறதோ என்ற அச்சமே குரலில் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாட்கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

பெயர் அறுந்த விதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். தமிழ்ச்செல்வன் என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 8. யூனிகோட்டில் மிகரம் என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. புள்ளி வைத்த மெய் ஒவ்வொன்றும் இரண்டு. இப்படிக் கூட்டினால் 14 ஆகிறது. எங்கோ யாரோ ‘பெயருக்குப் பத்து இடம் போதும்’ என்று விதித்திருக்க வேண்டும். பத்தாம் இடத்தில் வெட்டினால் ‘ல்’ என்பதன் புள்ளி அறுந்து ‘ல’ ஆகி நிற்கும். சீட்டில் கண்டதும் அதுவே. பத்து எழுத்துள்ள ஆங்கிலப் பெயருக்கு அந்தப் பெட்டி தாராளம். சிங்கள எழுத்துக்கும் மேலும் கீழும் குறிகள் உண்டாதலால் சிங்களத் தாய்க்கும் இதே கதி நேரலாம்.

எல்ம் தானாகவே இதிலிருந்து காப்பாற்றுமா? காப்பாற்றாது. சொல்லின் நீளத்தை அளக்க அம்மொழியில் உள்ள சார்பும் தமிழ்ச்செல்வனுக்கு 14 என்றே விடை தரும். ஆயின், செயலியில் எங்கெல்லாம் பெயர் தோன்றுகிறதோ அங்கெல்லாம் ‘பெயர் காட்டும் சார்பு’ ஒன்றையே அழைத்தால், அறிவோடு செய்ய வேண்டிய திருத்தத்தை ஓரிடத்தில் செய்தால் போதும். பெயரை ஒருபோதும் வெட்டாதே, இடம் போதாவிடின் அடுத்த வரிக்குக் கொண்டு போ என்று மாணவர் அச்சார்பில் எழுதினர். வரவு இடாப்பு, தேர்ச்சி அறிக்கை, பெற்றோருக்கான கடிதம் எல்லாவற்றிலும் பெயர் முழுதாயிற்று. பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியே எழுதியிருந்தால் எட்டைத் திருத்தி ஒன்பதாவதை மறந்திருப்போம். அந்த ஒன்பதாவது பக்கம்தான் அந்தத் தாயின் கையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறதியைப் பற்றிப் பேசும்போது மொழியுரிமையைப் பற்றியும் ஒரு சொல். 1987 இல் செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. சட்டம் சட்டமாய் இருக்க, பல இணையத்தளங்களில் தமிழைத் தெரிவு செய்தால் பாதிப் பக்கம் தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் வருவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். வன்மம் காரணம் என்று ஒவ்வொரு முறையும் நான் நினைப்பதில்லை. மூன்று மொழிக்கும் மூன்று பிரதிகள் செய்வர். புதிதாக ஒரு பொத்தான் வரும். அவசரத்தில் இரண்டில் சேர்ப்பர். மூன்றாவது நாளைக்கு என்று நிற்கும். அந்த நாளை வருவதில்லை.

நம் மாணவர் செய்த வழி வேறு. மொழி என்பது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றில் ஒன்று என்று எல்மில் ஒரு வகையை அறிவித்தனர். ஒவ்வொரு பொத்தானின் சொல்லும், ‘எந்த மொழி?’ என்று கேட்டு விடையைத் தரும் ஒரு சார்பு. அச்சார்பில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் விடை எழுதித் தமிழை விட்டுவிட்டால், தொகுப்பான் செயலியை ஆக்கித் தராது. எல்லா நிலைமைகளுக்கும் விடை இல்லை, விடுபட்டது தமிழ் என்று பெயர் சொல்லி நிறுத்திவிடும். எல்ம் தொகுப்பான் ‘நான்’ என்று தன்னைக் குறித்துக்கொண்டு, ஒரு பொறுமையான ஆசிரியரைப் போலப் பிழையை விளக்கும். இளைஞருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சிங்களத்தை விட்டாலும் அதே தடை. அதற்கு ஓரவஞ்சனை இல்லை.

ஏமாற்ற வழி இல்லாமலும் இல்லை. ‘மற்றெல்லா மொழிக்கும் ஆங்கிலமே’ என்று ஒரு வரி எழுதினால் தொகுப்பான் வாய் மூடிவிடும். தமிழுக்குரிய இடத்தில் ஆங்கிலச் சொல்லையே எழுதினாலும் அதற்குத் தெரியாது. தொகுப்பானுக்கு இடம் வெறுமையா என்று பார்க்கத் தெரியும்; சொல் தமிழா என்று பார்க்கத் தமிழாசிரியைதான் வேண்டும். முதலாவது குறுக்குவழியை மாணவர் தமக்குள் விலக்கிக்கொண்டனர். இரண்டாவதற்கு அம்மையார் வாரந்தோறும் கண்ணாடியோடு வருகிறார்.

“இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, சேர்?” என்று ஐவரில் ஒருவன் ஒரு மாலை கேட்டான். வீட்டில் தந்தை கேட்டிருப்பார். கேட்பது குற்றமல்ல, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். எல்ம் தெரிந்தவர் தேவை என்னும் விளம்பரத்தை நான் இதுவரை கண்டதில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் 2013 இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் என்னும் கருவி இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதனோடு சேர்த்துப் பெரிதும் பயன்பட்டு வந்த ரிடக்ஸ், 2015 இல் எல்மின் அமைப்பைப் பார்த்தே ஊக்கம் பெற்றது. நிலை ஓரிடத்தில், செய்தியால் மாற்றம், சார்பால் தோற்றம் என்ற இந்த ஒழுங்கை இங்கே கைக்கொண்டவனுக்கு அங்கே புதிதாய்க் கற்கச் சிலவே இருக்கும். தந்தையிடம் இதைச் சொல் என்றேன். சொன்னானோ என்னவோ, அடுத்த நாளும் வந்தான்.

இப்பொழுது அவர்கள் செய்துகொண்டிருப்பது, பிள்ளை வராத நாளுக்குப் பெற்றோர் காரணம் எழுதி அனுப்பும் பக்கம். ஆங்கிலச் சொல் இருக்கிறது. சிங்கள மொழிமூலம் படிக்கும் நண்பன் ஒருவன் பக்கத்துப் பாடசாலையிலிருந்து வந்து சிங்களச் சொல்லை எழுதித் தந்துவிட்டான். தமிழில் ‘சமர்ப்பிக்க’ என்பதா, ‘அனுப்புக’ என்பதா என்று இரண்டு மாலைகளாக வாதம் நடக்கிறது. முன்னது கடிதத்துக்கு ஏற்ற மரியாதை உடையது என்கிறார் தமிழாசிரியை. பழைய கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் அது இரண்டு வரியாக மடிகிறது என்கிறான் கெட்டிக்காரன். தோட்டத்துத் தாய்க்கு எது சட்டென்று புரியும் என்று நான் கேட்டேன். ஒருவரும் உடனே விடை சொல்லவில்லை. தமிழ் இடம் வெறுமையாயிருப்பதால் தொகுப்பான் அந்தப் பக்கத்தை இன்னும் ஆக்கித் தரவில்லை.